போன் யார் கையில் இருக்கிறது? பெங்களூரில் மாத்திரை நினைவூட்டல் ஆய்வு நடத்தப் போகிறவர்களுக்கு

அல்சூரில் ஒரு அம்மா. வயது அறுபதுக்கு மேல், பி.பி.க்கு மாத்திரை. எங்கள் ஆய்வில் சேர்ந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. தினம் ஒன்றாக அவருக்குப் போன 42 குறுஞ்செய்திகளும் கணினித் திரையில் 'டெலிவர்ட்' என்று பச்சையாக நின்றன. வீட்டுக்குப் போய், "அம்மா, காலையில மெசேஜ் வருதா?" என்று கேட்டேன்.

"போன் பெரியவன்கிட்ட இருக்கு கண்ணு. அவன் ஆறு மணிக்கே ஆட்டோ எடுத்துக்கினு போயிடுவான்."

பெரிய மகன் செய்திகளைப் பார்த்திருக்கிறார். ஏதோ லோன்காரன் அனுப்புவது என்று தள்ளிவிட்டிருக்கிறார். ஆக, ஆறு வாரமாக நாங்கள் ஓர் ஆட்டோ ஓட்டுநருக்கு அவருடைய அம்மாவின் பி.பி. மாத்திரையை நினைவூட்டிக்கொண்டிருந்தோம்.

மொபைல் வழியாக மருந்து உட்கொள்ளலுக்கு உதவும் ஆய்வு ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருக்கும் கோஆர்டினேட்டர்கள், பொதுச் சுகாதார மாணவர்கள், முதல் ட்ரையலைத் திட்டமிடும் இளம் மருத்துவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். புள்ளியியலுக்குப் புத்தகம் இருக்கிறது. புத்தகத்தில் கிடைக்காத இடங்களில்தான் இங்கே அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

முதலில்: ஏன் விடுகிறார்கள் என்று கேளுங்கள்

வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால நோய்களுக்கான மருந்தைச் சொன்னபடி எடுப்பவர்கள் சராசரியாகப் பாதிப்பேர்தான் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2003-இல் எழுதியது. இந்த எண்ணைப் பார்த்ததும் "சரி, நினைவூட்டினால் போதும்" என்று கிளம்பிவிடுகிறோம். நினைவூட்டல் மறதிக்கு மட்டும்தான் மருந்து. உங்கள் ஆட்கள் மறந்துதான் விடுகிறார்களா?

செயலி எழுதுவதற்கு முன், ஆய்வு நடக்கப்போகும் பகுதியில் இருபது பேரிடமாவது உட்கார்ந்து பேசுங்கள். "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். வெள்ளைக் கோட்டுக்காரரிடம் வேறு என்ன சொல்வார்கள்? "போன வாரம் எந்தெந்த நாள் விட்டுப்போச்சு?" என்று கேளுங்கள். விட்டுப்போவது சகஜம் என்கிற தொனி கேள்வியிலேயே இருக்க வேண்டும். அப்படிக் கேட்டபோது எனக்குக் கிடைத்தவை: "பி.பி. நார்மல்னு சொன்னாங்க, நிறுத்திட்டேன்." "கிளினிக்ல மாத்திரை தீர்ந்துபோச்சு, அடுத்த வாரம் வரச் சொன்னாங்க." "மெட்ஃபார்மின் போட்டா வயித்தைக் கலக்குது, பஸ்ல போறப்ப எப்படிப் போடறது?" இவர்களில் ஒருவரும் மறக்கவில்லை. தினமும் எட்டு மணிக்கு டிங் என்று ஒலித்தாலும் இவர்களுக்கு எதுவும் மாறாது.

இந்தத் துறையின் பெரிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரிவதற்கும் இதில் பங்கு உண்டு என்பது என் எண்ணம். கென்யாவில் 538 எச்.ஐ.வி. நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. வாரத்துக்கு ஒரே ஒரு செய்தி, "மாம்போ?", அதாவது எப்படி இருக்கிறீர்கள். 48 மணி நேரத்துக்குள் "சாவா" (நலம்) அல்லது "ஷிடா" (பிரச்சினை) என்று பதில் போட வேண்டும். பிரச்சினை என்றாலோ பதிலே இல்லை என்றாலோ ஒரு செவிலியர் கூப்பிடுவார். மருந்தை முறையாக எடுத்ததாகச் சொன்னவர்கள் செய்தி பெற்ற அணியில் 62 சதவீதம், செய்தி பெறாத ஒப்பீட்டு அணியில் 50. வைரஸ் அடங்கியவர்கள் 57-க்கு 48.

அதே நோய்க்கு பெங்களூரு ஆய்வாளர்கள் முன்னின்று, தென்னிந்தியாவின் மூன்று மருத்துவ மையங்களில் 631 பேரிடம் நடத்திய ஆய்வு 2014-இல் வந்தது. வாரம் ஒரு தானியங்கி அழைப்பு, ஒரு படச்செய்தி, 96 வாரம். பலனில் இரு அணிக்கும் வித்தியாசமே இல்லை. நம் ஊரில் இரு அணிக்கும் வழக்கமான ஆலோசனை கிடைத்துக்கொண்டிருந்தது. அதற்கு மேல் ஒரு ரெக்கார்டட் குரல் என்ன சேர்த்துவிடும் என்று இன்று கேட்பது சுலபம். சீனாவில் 36 மாவட்டங்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல அணிகளாகப் பிரித்து காசநோயாளிகளிடம் நடத்திய ஆய்விலும் (2015) இப்படித்தான். ஐந்தில் ஒரு பங்கு வேளையாவது தவறிய மாதங்கள் ஒப்பீட்டு அணியில் 29.9 சதவீதம், குறுஞ்செய்தி அணியில் 27.3. திறப்பதைப் பதிவு செய்து ஒலி எழுப்பும் மருந்துப் பெட்டி தந்த அணியில் அது 17-க்கு இறங்கியது.

வித்தியாசம் இல்லை என்று வந்த ஆய்வுகளைத் தோல்வி என்று ஒதுக்காதீர்கள். உங்கள் ஆய்வுத் திட்டத்துக்கு முதலில் படிக்க வேண்டியவை அவைதான்.

அடுத்தது: போன் கணக்கெடுப்பு

"மொபைல் வைத்திருப்பவர்" என்று தகுதி விதியில் ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். அந்த ஒரு வரிதான் எங்களுக்கு அல்சூர் அம்மாவைத் தந்தது. இப்போது நான் கேட்கும் கேள்விகள் வேறு: போன் பகலில் யாரிடம் இருக்கும்? எண் யார் பெயரில்? கடைசியாக எப்போது சிம் மாற்றினீர்கள்? ரீசார்ஜ் யார் போடுவது? 28 நாள் பேக் தீர்ந்து சில நாள் போடாமல் விடுகிற வீடு நிறைய உண்டு. சரி, மெசேஜைத் திறந்து காட்டுங்கள் என்று கையில் கொடுத்துப் பாருங்கள். படிக்காத செய்திகள் நூற்றுக்கணக்கில் குவிந்திருந்தால் உங்களுடையதும் அந்தக் குவியலில்தான் விழும்.

பொம்மனஹள்ளிப் பக்கம் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகும் பெண்களில் சிலர் உள்ளே போகும்போதே போனை லாக்கரில் வைத்துவிடுவதாகச் சொன்னார்கள். மதிய மாத்திரைக்கு ஒரு மணிக்குச் செய்தி அனுப்பினால் லாக்கர்தான் படிக்கும்.

கணக்கெடுத்த பிறகு ஒரு சங்கடமான முடிவு இருக்கிறது. சொந்தப் போன் இல்லாதவர்களை விட்டுவிட்டால் ஆய்வு சுத்தமாக ஓடும். ஆனால் விட்டுப்போகிறவர்கள் பெரும்பாலும் வயதான பெண்கள், மருந்து விட்டுப்போகும் வாய்ப்பு அதிகம் உள்ளவர்கள். அவர்களைச் சேர்த்தால், வீட்டில் ஒருவரை 'செய்தி சொல்பவர்' என்று பதிந்து அவரிடமும் சம்மதம் வாங்க வேண்டும். நான் சேர்க்கும் பக்கம். எப்படியானாலும், எத்தனை பேரை அணுகினீர்கள், போன் காரணமாக எத்தனை பேர் கழிந்தார்கள் என்பதை முதல் நாளிலிருந்தே எண்ணி வையுங்கள். பின்னால் யாராலும் அதைத் தோண்டி எடுக்க முடியாது.

செய்தி எழுதுவது

பெங்களூர்த் தமிழர்களுக்குத் தமிழில் அனுப்ப வேண்டும் என்பது பாதி உண்மை. ஸ்ரீராமபுரத்திலும் மர்ஃபி டவுனிலும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் பலர் படித்தது கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ. தமிழ் பேச வரும், படிக்க வராது. அவர்களுடைய பெற்றோரில் சிலருக்கு எதுவுமே படிக்க வராது. அதனால் 'தாய்மொழி' என்ற கட்டத்தை மட்டும் டிக் செய்யாமல், பேசும் மொழி, படிக்கும் மொழி என்று இரண்டு கட்டம் வையுங்கள். படிக்க வராதவருக்குக் குரல் அழைப்பு. அதுவும் சென்னை செய்தி வாசிப்பாளர் குரலாக வேண்டாம். ஏரியாவில் வேலை பார்த்த ஒரு அக்காவின் குரல் போதும்.

வாசகத்தைப் பற்றி: "மருந்தினைத் தவறாது உட்கொள்ளவும்" என்பதைக் காட்டியபோது ஒரு பெரியவர், "கார்ப்பரேஷன் நோட்டீஸா சார்?" என்றார். "மாத்திரை போட்டீங்களா?" என்று மாற்றினோம்.

அப்புறம் நீளம். ஆங்கிலக் குறுஞ்செய்திக்கு 160 எழுத்து. தமிழில் யூனிகோட் என்பதால் 70 தான். அந்த 70-உம் நாம் எண்ணும் எழுத்துக் கணக்கு இல்லை. "மாத்திரை போட்டீங்களா?" நம் கணக்கில் பத்து எழுத்து. கணினிக்கு மாவின் காலும் புள்ளியும் கொம்பும் தனித்தனி. இடைவெளி, கேள்விக்குறியோடு சேர்த்து 21 ஆகிவிடும். 70-ஐத் தாண்டினால் செய்தி துண்டாகி, துண்டுக்கு 67 என்று ஆகி, கட்டணம் இரட்டிப்பாகும். 300 பேருக்கு ஆறு மாதம் தினம் ஒன்று என்றால் 54,000 செய்தி. பட்ஜெட் போடும்போதே இதை எண்ணாமல், நடுவில் பணம் போதாமல் நிற்பவர்கள் உண்டு.

மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்ப, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிகளின்படி, தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டி.எல்.டி. தளத்தில் பதிவு வேண்டும்: நிறுவனம், அனுப்புநர் பெயர், ஒவ்வொரு வாசகமும். ஒரு சொல்லை மாற்றினாலும் வாசகம் மறுபடி ஒப்புதலுக்குப் போகும். இணைப்பு வைத்தால் 2024 அக்டோபரிலிருந்து அதையும் முன்கூட்டிப் பதிந்திருக்க வேண்டும். இதற்குக் குறைந்தது ஒரு மாதம் ஒதுக்குங்கள். முக்கியமாக, ஆய்வின் நெறிமுறையைப் பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் தந்த வாசகமும் டி.எல்.டி.யில் ஏறிய வாசகமும் ஒன்றாக இருக்க வேண்டும். கமிட்டி ஒரு சொல்லைத் திருத்தினால் இரண்டு இடத்திலும் திருத்தம். எனவே முதலில் கமிட்டி, பிறகு டி.எல்.டி. வாட்ஸ்அப் என்றால் நோயாளி பதில் போட்டதிலிருந்து 24 மணி நேரத்துக்குள்தான் சுதந்திரமாக எழுத முடியும், அதன் பிறகு ஒப்புதல் பெற்ற வாசகம் மட்டுமே. நீல டிக் விழுந்தால் யாரோ திறந்தார்கள் என்று மட்டும் அர்த்தம். அது அந்த ஆட்டோக்கார மகனாகவும் இருக்கலாம்.

நோயின் பெயரைச் செய்தியில் எழுதவே கூடாது. மருந்தின் பெயரும் வேண்டாம், அதைத் தேடினால் நோய் தெரிந்துவிடும். காசநோய், எச்.ஐ.வி., மனநல மருந்து என்றால் 'மாத்திரை' என்ற சொல்லே கூட ஆபத்து. கென்யாக்காரர்கள் வெறும் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டதன் புத்திசாலித்தனம் இங்கேதான் தெரியும்.

நேரத்தை நோயாளியே தேர்ந்தெடுக்கட்டும். காலை ஏழரைக்குக் காவேரித் தண்ணி வருகிற தெருவில் அந்த நேரத்தில் யாரும் போனைப் பார்க்க மாட்டார்கள். சிவாஜிநகரில் ரம்ஜான் மாதத்தில் காலை ஒன்பதுக்கு "சாப்பிட்டு மாத்திரை போட்டீங்களா?" என்று எங்கள் கணினி முகம் சுளிக்காமல் அனுப்பிக்கொண்டிருந்தது. நோன்பு இருக்கிறவரிடம் இதைக் கேட்டால் எப்படி இருக்கும்? முதல் நாளே இரண்டு பேர் 'ஸ்டாப்' என்று பதில் போட்டார்கள். மூன்றாவது நபர் நேரில் வந்து திட்டினார், அவருக்கு இன்றும் நன்றி. இப்போது நோன்பு மாதத்துக்குத் தனி நேர அட்டவணை வைத்திருக்கிறோம். நோன்பில் மருந்து நேரத்தை எப்படி மாற்றுவது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்வார், கணினி அல்ல.

காகித வேலை

இது சலிப்பானது, ஆனால் வரிசை தப்பினால் ஆய்வே செல்லாது. எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல், பிறகு சி.டி.ஆர்.ஐ. என்கிற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு, பிறகுதான் முதல் நபர். 2018 ஏப்ரல் 1 முதல் ஆள் சேர்த்த பிறகு பதிவு செய்ய சி.டி.ஆர்.ஐ. அனுமதிப்பதில்லை. பதிவு இலவசம், ஆனால் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள், அதற்கும் நாள் வையுங்கள். வெளிநாட்டு நிதியோ கூட்டாளியோ இருந்தால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) வழியாகச் சுகாதார அமைச்சகத்தின் தேர்வுக் குழு ஒப்புதலும் வேண்டும்.

வெறும் நினைவூட்டல் என்றால் அவ்வளவுதான். உங்கள் செயலி "இன்று இன்சுலின் இவ்வளவு போடு" என்று சொல்லத் தொடங்கினால் அது மருத்துவச் சாதனமாகக் கருதப்படலாம்; 2017 மருத்துவச் சாதன விதிகள் 2020 ஏப்ரலிலிருந்து மென்பொருளையும் சேர்த்தே பார்க்கின்றன. தொடங்குமுன் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

சம்மதப் படிவத்தைத் தமிழிலும் கன்னடத்திலும் வையுங்கள், மூலமொழிக்குத் திருப்பி மொழிபெயர்த்துச் சரிபார்த்து. படிக்கத் தெரியாதவருக்குச் சார்பற்ற சாட்சி ஒருவர் முன்னிலையில் வாசித்துக் காட்டிக் கைநாட்டு. எண் யாரிடம் போகும், குறுஞ்செய்தி நிறுவனம் எதைப் பார்க்கும், ஆய்வு முடிந்தால் எப்போது அழிப்பீர்கள் என்பதை அதில் எழுதுங்கள். 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு கமிட்டிகள் இதை விடாமல் கேட்கின்றன, கேட்கவும் வேண்டும்.

யாரைக் குலுக்குவது, எத்தனை பேர்

ஒரே வீட்டில் கணவன் ஓர் அணி, மனைவி இன்னோர் அணி என்று விழுந்தால் ஒரே போனின் சத்தத்தில் இருவரும் மாத்திரை போடுவார்கள். அதனால் வீட்டையோ கிளினிக்கையோ ஒரு கொத்தாகக் குலுக்க வேண்டிவரும். அதற்கு விலை உண்டு. தனி ஆட்களாக 400 பேர் போதும் என்று வந்திருக்கிறது, கிளினிக்குக்கு 20 பேர், ஒரே கிளினிக்காரர்களுக்கு இடையேயான ஒற்றுமை 0.02 என்று வைத்துக்கொள்வோம். பெருக்க வேண்டிய எண் 1 + 19 × 0.02, அதாவது 1.38. 400 பேர் 552 ஆகிவிட்டார்கள். அதில் 20 சதவீதம் பேர் விலகுவார்கள் என்றால் 0.8-ஆல் வகுக்க வேண்டும், 690. புதியவர்கள் 20 சதவீதத்தைக் கூட்டி 662 என்று எழுதிவிட்டு, கடைசியில் ஆள் போதாமல் முழிப்பார்கள்.

தனக்குச் செய்தி வருகிறதா இல்லையா என்பதை நோயாளியிடமிருந்து மறைக்க முடியாது. பி.பி. பார்ப்பவரிடமிருந்து மறைக்கலாம். அவர் வேறு ஆளாக இருக்கட்டும். "உங்க மெசேஜ் நல்லாருக்குங்க" என்று நோயாளி அவரிடம் சொல்லாமல் இருக்க வரவேற்பிலேயே சொல்லி வையுங்கள். எப்படியும் சிலர் சொல்வார்கள், அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எதை அளப்பது

வாய்வார்த்தை எப்போதும் கூடுதலாகவே வரும். மாத்திரை எண்ணுவது கொஞ்சம் மேல், ஆனால் ஒருவர் மாதா மாதம் அட்டையைச் சுத்தமாகக் காலி செய்து கொண்டுவந்தார். நூற்றுக்கு நூறு என்று எழுதினோம். நான்காம் மாதம்தான் தெரிந்தது, வீட்டம்மாவுக்கும் அதே பி.பி. மாத்திரை, அம்லோடிபின். அவருடைய அட்டை தீர்ந்தால் இவருடையதிலிருந்து எடுத்துக்கொள்வார்.

போன் தரவை நம்பலாமா? 99டாட்ஸ் என்று காசநோய்க்கு ஒரு முறை உண்டு, இந்த ஊரில் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் பிறந்தது. மாத்திரையைப் பிதுக்கினால் அட்டைக்குப் பின்னால் மறைந்திருக்கும் எண் தெரியும், அதற்கு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். மிக அழகான யோசனை. சென்னை, வேலூர், மும்பையில் சிறுநீரில் மருந்து இருக்கிறதா என்று சோதித்து ஒப்பிட்டபோது, மருந்து எடுத்தவர்களில் 70 சதவீதத்தையும் எடுக்காதவர்களில் 61 சதவீதத்தையும்தான் அந்த முறை சரியாகக் காட்டியது. மாத்திரை போட்டுவிட்டுக் கூப்பிட மறந்தவர், போடாமலே கூப்பிட்டவர் என்று இரண்டு பக்கமும் ஓட்டை. உங்கள் செயலியில் 'போட்டுவிட்டேன்' பொத்தானும் இதே ரகம். அதை முதன்மை முடிவாக வைக்காதீர்கள்.

சர்க்கரை என்றால் மூன்று மாதச் சர்க்கரை (HbA1c), பி.பி. என்றால் பி.பி., எச்.ஐ.வி. என்றால் வைரஸ் அளவு. உடம்பு சொல்வதை முதன்மையாக வையுங்கள். மூன்று மாதச் சர்க்கரைக்கு ஆறாம் வாரத்தில் ரத்தம் எடுத்துப் பயனில்லை. ரத்தசோகை இருந்தால் அந்த எண்ணே ஏமாற்றும். பி.பி.க்கு மாடி ஏறி வந்தவரை ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள், மூன்று முறை எடுத்து முதல் அளவை விட்டுவிடுங்கள்.

ஓடத் தொடங்கிய பிறகு

இருவழிச் செய்தி என்றால் பதில் வரும். இரவு பதினொன்றுக்கு "நெஞ்சு வலிக்குது" என்று வரும். அதை யார் பார்ப்பார், எத்தனை நிமிடத்தில் கூப்பிடுவார், எங்கே அனுப்புவார் என்று எழுதி, சுவரில் ஒட்டி, ஒருமுறை பொய்யாக அனுப்பி ஒத்திகை பாருங்கள். இரவில் ஆள் இல்லை என்றால், அவசரத்துக்கு 108 என்று தானியங்கிப் பதிலாவது போக வேண்டும். சேரும்போதே அதை நோயாளியிடம் சொல்லியிருக்க வேண்டும்.

ஆய்வு நடக்கும்போது செயலியை மேம்படுத்த மென்பொருள் தம்பிகளுக்குக் கை அரிக்கும். பிழை திருத்தம் தவிர எதையும் விடாதீர்கள். திருத்தியதையும் தேதியோடு எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் மார்ச்சில் சேர்ந்தவரும் ஆகஸ்டில் சேர்ந்தவரும் வேறு வேறு சிகிச்சை பெற்றிருப்பார்கள்.

ஆடி மாதம் வந்தால் பாதித் தெரு ஊருக்குப் போய்விடும். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை. கூழ் ஊற்றல், தீமிதி, அப்படியே பத்து நாள். சந்திப்புக்கு முன்பின் ஏழு நாள் என்று திட்டத்தில் எழுதியிருந்தால் எல்லாமே விதிமீறல் பட்டியலில் ஏறும். ஆறாம் மாதச் சந்திப்பு ஆடியில் விழாதபடி ஆள் சேர்க்கும் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொருவருக்கும் இன்னும் இரண்டு தொடர்பு எண்களையாவது, அவர்களும் சம்மதித்தால், வாங்கி வையுங்கள். மாதம் ஒருமுறை ஒரு சின்ன மாதிரியைத் தேர்ந்து நேரில் போய் "கடைசியா என்ன மெசேஜ் வந்துச்சு?" என்று கேளுங்கள். அல்சூரில் நாங்கள் இதை ஆறாம் வாரத்தில் செய்தோம். இரண்டாம் வாரத்திலேயே செய்திருக்க வேண்டும்.

கணக்குப் போடும் நாளில் ஒரு சபலம் வரும்: செய்தி கையில் சேராதவர்களை எடுத்துவிட்டால் முடிவு எவ்வளவு அழகாக இருக்கும்! எடுக்கக் கூடாது. எந்த அணியில் விழுந்தாரோ அந்த அணியிலேயே அவர் எண்ணப்பட வேண்டும். செய்தி கையில் சேர்ந்தவர்களை மட்டும் வைத்துப் பார்க்கும் கணக்கு வேண்டுமானால், அதை முன்கூட்டியே திட்டத்தில் எழுதி, தனியாகக் காட்டுங்கள். கட்டுரை எழுதும்போது மொபைல் சுகாதார ஆய்வுகளை எழுதுவதற்கான உலகச் சுகாதார நிறுவனத்தின் மேரா (mERA) பட்டியலில் உள்ள 16 அம்சங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் எது விட்டுப்போனது என்று தெரிந்துவிடும்.

அல்சூர் அம்மாவும் செய்தி அணியில்தான் எண்ணப்பட்டார், அந்த 42 பச்சைக் கோடுகளோடு. ஏழாம் வாரத்திலிருந்து அவருக்குச் செய்திக்குப் பதில் அழைப்பு போனது, மகன் திரும்பி வரும் இரவு ஒன்பது மணிக்கு. கமிட்டியிடம் திருத்தம் வாங்கித்தான். முதல் அழைப்பை மகன் எடுத்து, "யம்மா, உனக்குத்தான்" என்று போனை நீட்டியதை அவர் அடுத்த சந்திப்பில் சிரித்துக்கொண்டே சொன்னார்.